ஒரே அடுப்பில் கொரியன் ஸ்டால்

கேள்வி: பக்கத்து அரசுப் பள்ளி நூலகத்துக்குப் பணம் சேர்க்க, கல்லூரி விழாவில் கொரியன் ஸ்டால் போடப் போகிறோம். டொக்பொக்கி, ராமென், கிம்பாப் மூன்றும் போடலாமா? கையில் இருப்பது ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு.
– கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: டொக்பொக்கியை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்மா. சீரியலில் பார்க்க அழகுதான். ஆனால் காரக் குழம்பில் போடும் அந்த அரிசி மாவுத் துண்டுகள் ஆறினால் கடிக்க முடியாது. சூட்டிலேயே வைத்திருந்தால் குழம்பு வற்றி அடிப்பிடிக்கும். நூடுல்ஸ் சூப்பான ராமெனும் வேண்டாம், பத்து பேர் சேர்ந்து வந்தாலே உங்கள் அடுப்பு திணறிவிடும்.

கடற்பாசித் தாளில் சோறும் காய்கறியும் வைத்துச் சுருட்டும் கிம்பாப் போடுங்கள். அதற்கு ஸ்டாலில் அடுப்பே தேவையில்லை. நான் கொரியாவில் சுவோன் நகரில் குடியிருந்தபோது தேவாலய பஜார்களில் பாட்டிமார்கள் ஜனங்களுக்கு எதிரிலேயே சுருட்டி விற்பார்கள். அதை வேடிக்கை பார்க்க நின்றவர்களே வாங்கிவிடுவார்கள். கடற்பாசித் தாள் பாக்கெட்டில் பத்து இருக்கும். ஒரு தட்டுக்கு அரை உருளை என்றால் இருபது தட்டு. ஹூண்டாய் வந்த பிறகு சென்னையில் கொரிய மளிகைக் கடைகளுக்குக் குறைவில்லை, தாள் அங்கே கிடைக்கும். கொரியர்கள் போடும் ஒட்டுகிற குட்டை அரிசி விலை கட்டாவிட்டால் பச்சரிசியைக் கொஞ்சம் குழைவாக வடியுங்கள். ஜப்பானிய சுஷி மாதிரி வினிகர் கலக்கக் கூடாது, உப்பும் எள்ளெண்ணெயும்தான். கொரியர்கள் எள்ளை வறுத்து ஆட்டுவதால் நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது. வறுத்த எள்ளைத் தாராளமாகத் தூவிச் சமாளிக்கலாம். உள்ளே வைக்கும் மஞ்சள் முள்ளங்கியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். முள்ளங்கியை நீளவாக்கில் நறுக்கி வினிகர், சர்க்கரை, உப்பு, துளி மஞ்சள்தூளில் ஒரு ராத்திரி ஊறவிட்டால் போதும். கீரைக்குப் பதில் வெள்ளரி வையுங்கள். கோடையில் கீரை சீக்கிரம் கெடும் என்று கொரியாவிலும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் சுருட்டியதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு விறைத்துவிடும்.

முட்டை வைத்ததைத் தனித் தட்டில் வையுங்கள். கிம்ச்சி என்ற கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் மீன் சாறோ உப்பில் ஊறவைத்த இறாலோ இருக்கும். அதைச் சைவம் என்று சொல்லி விற்றுவிடாதீர்கள், அப்புறம் வம்பு.

அடுப்பை ஹோட்டோக் என்ற கொரிய இனிப்பு அப்பத்துக்குக் கொடுங்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்ட மைதா மாவுக்குள் நாட்டுச் சர்க்கரை, பட்டைத்தூள், பொடித்த வேர்க்கடலையை வைத்து மூடி, எண்ணெய் விட்ட கல்லில் தட்டையாக அழுத்திச் சுடுவது. மாவைக் காலையில் வீட்டிலேயே பிசைந்து கொண்டுவந்துவிடலாம். செலவு குறைவு, லாபம் இதில்தான். உள்ளே பாகு கொதிக்கும். கடித்தவுடன் நாக்கு வெந்துவிடும். சியோல் தெருக்கடைகளில் தருவதுபோலக் காகிதக் கப்பில் நிறுத்திக் கொடுத்து, ஊதிச் சாப்பிடச் சொல்லுங்கள். வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக ஒரு அட்டையில் எழுதி முன்னால் வைத்துவிடுங்கள். காசு வாங்குகிறவர் மாவைத் தொட வேண்டாம்.