யூஎஸ்பி கேபிள் மோடமும் லினக்ஸும்: கேட்டவர்களுக்குப் பதில்

பாலக்கோடு: அண்ணே, லினக்ஸ் மிண்ட் போட்ட கம்ப்யூட்டர்ல கேபிள் மோடத்தை யூஎஸ்பில செருகினேன். கூட வந்த சிடியில விண்டோஸ் டிரைவர் மட்டும்தான். லினக்ஸ் டிரைவர் எங்க கிடைக்கும்?

எங்கயும் தேடாதீங்க தம்பி, லினக்ஸோட மையமான கர்னலுக்குள்ளயே இருக்கு. டெர்மினல்ல 'சூடோ டிமெஸ்ஜி மைனஸ் டபிள்யூ' ஓடவிட்டு, அப்புறம் ஒயரைச் செருகுங்க. 'சிடிசி ஈதர்'னு ஒரு வரி ஓடினா டிரைவர் பிடிச்சாச்சு. சில மோடம் 'ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட்'னு வரும், அதுவும் சரிதான். 'யூஎஸ்பி0'ன்னு வந்த பேர் அடுத்த வரியிலயே 'இஎன்எக்ஸ்'னு ஆரம்பிக்கிற நீளமான பேரா மாறும், பயப்படாதீங்க.

அப்புறமும் நெட் வரலைன்னா கோளாறு பெரும்பாலும் லினக்ஸ்ல இல்ல. பல மோடம் முதல்ல பார்த்த கம்ப்யூட்டரோட மேக் முகவரியை (நெட்வொர்க் அடையாள எண்) மட்டும் ஞாபகம் வச்சுக்கும். பென்னாகரம் பக்கம் ஒரு வீட்ல இது தெரியாம மூணு மணி நேரம் மல்லுக்கட்டினேன். அந்த மோடத்துல அதுக்கு முன்னாடி வீட்டு லேப்டாப் இருந்திருக்கு. மோடத்தை அணைச்சு ரெண்டு நிமிஷம் விட்டுப் போட்டதும் வந்துடுச்சு. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்ல கரண்ட் போனாலும் மோடம் அணையாது, பிளக்கைக் கையால பிடுங்கணும்.

பர்கூர்: லைட் எல்லாம் எரியுது, நெட் வரலை.

மேல சொன்னதுதான். பிளக்கைப் பிடுங்குங்க.

போச்சம்பள்ளி: 192.168.100.11னு ஐபி வருது, எதுவும் திறக்கலை.

அது மோடமே தற்காலிகமாக் கொடுக்கிற முகவரி. அது இன்னும் கேபிள் லைன்ல சேரலை. ஆபரேட்டர்கிட்ட சிக்னல் பார்க்கச் சொல்லுங்க.

காரிமங்கலம்: 4ஜி டாங்கிளுக்கும் இதேதானா?

இல்லைங்க, அது வேற சாமான். 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்'னு தேடுங்க.

காவேரிப்பட்டணம்: பின்னாடி ஈதர்நெட் போர்ட் இருக்கிறப்போ யூஎஸ்பி எதுக்குங்க?

இருந்தா ஈதர்நெட்தான். ரெண்டையும் ஒரே நேரத்துல மாட்டிடாதீங்க.

ஓசூர்: ஈதர்நெட்தான்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். பழைய யூஎஸ்பி 1.1க்கே 12 எம்பிபிஎஸ். என் பிளான் 10தான், தாராளமாப் போதும்.

போதாதுங்க. 12ங்கிறது ஒயர்ல ஓடுற மொத்த வேகம். ஒரு மில்லிசெகண்டுக்கு 64 பைட் பாக்கெட் அதிகபட்சம் 19தான் போகும். கணக்குப் போட்டா 9.7 எம்பிபிஎஸ், அதுவும் அந்த யூஎஸ்பி பாதையில வேற எந்தச் சாமானும் இல்லாதப்போ. 'எல்எஸ்யூஎஸ்பி மைனஸ் டி' அடிச்சு மோடம் வரியோட கடைசியைப் பாருங்க, 12எம்மா (பழைய யூஎஸ்பி 1.1 வேகம்) 480எம்மா (யூஎஸ்பி 2.0 வேகம்)ன்னு.

ஓசூர்: பார்த்தேன், 12எம்தான். ஆனா வேகம் அளந்தா 7 வருதே, வீட்டுக்கு அது போதாதா?

7 போதும்னா வச்சுக்கோங்க. 10க்குப் பணம் கட்டி 7 வாங்குறது எனக்கு மனசு ஒப்பலை. மதர்போர்டுல லேன் (ஈதர்நெட் போர்ட்) இல்லைன்னா, உள்ள செருகுற பழைய பிசிஐ லேன் கார்டு ஒண்ணு போதும்.

மத்தூர்: மோடம் ஆன் ஆகுது, நெட் இல்ல.

பிளக். ரெண்டு நிமிஷம். மேல படிங்க.

அரூர்: இடி இடிச்சா பவரை மட்டும் எடுத்தாப் போதுமா?

போதாதும்மா. கேபிள் ஒயரையும் திருகிக் கழட்டுங்க, யூஎஸ்பியையும் எடுங்க. ஈதர்நெட் போர்ட்டுக்குள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர் நடுவுல நிக்கும். யூஎஸ்பியில அதுகூடக் கிடையாது, ஒயர்ல இறங்கினது நேரா மதர்போர்டுக்கே போயிடும்.