கேத்தில் வெள்ளைக்குப் பயந்து மெசின் வாங்க வேண்டாம்

கேள்வி: எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்தால் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறது. வீட்டுக்கு வந்த ஒருவர் மின்சாரம் பாயும் இரண்டு கம்பியை விட்டுக் காட்ட, எங்கள் தண்ணி கபில நிறமாகிவிட்டது; அவர் கொண்டுவந்த தண்ணி மட்டும் தெளிவாக நின்றது. குடித்தால் சிறுநீரகத்தில் கல் வருமாம்; தவணைக்கு ஆர்.ஓ. என்ற தண்ணி வடிகட்டும் மெசின் தருகிறாராம். வாங்கலாமா?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: கையெழுத்து வைத்துவிடாதீர்கள். படிவது கல்சியம் காபனேற்று. முட்டைக் கோதும் அதுதான். வயிற்றெரிவுக்கு எடுக்கும் சில குளிசைகளிலும் அது இருக்கிறது. சுத்தமான தண்ணீரில் லீற்றருக்கு 13 மில்லிகிராம் அளவில்தான் கரையும். நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டு சேர்ந்திருப்பதால் பைகாபனேற்றாகிக் கரைந்து வருகிறது. கொதிக்கும்போது வாயு போய்விட, பழையபடி படிகிறது. தேசிக்காய் பிழிந்த தண்ணியைக் கேத்திலில் சூடாக்கி ஊறவிடுங்கள், நுரைத்துக் கழன்றுவிடும்.

சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானது கல்சியம் ஒட்சலேற்று. அது வேறு உப்பு. வெயிலில் வயலில் நின்றுவிட்டு, தண்ணிக்குப் பயந்து குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்கு வழி.

அந்தக் கம்பி விளையாட்டை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். கபில நிறம் உங்கள் கிணற்றிலிருந்து வரவில்லை; கம்பியின் இரும்புதான் மின்சாரத்தில் கரைந்து துருவாகிறது. அவர் கொண்டுவந்த தண்ணியில் உப்பு இல்லை, மின்சாரம் ஓடாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதற்குள் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டுவிட்டுக் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் கபிலமாகும்.

ஒன்றில் மட்டும் கவனம்: புளோரைட்டு. வவுனியாப் பக்கத்துப் பழைய கருங்கல் பாறைகளிலிருந்து அது கிணறுகளுக்கு வருகிறது. நிறமில்லை, ருசியில்லை, கேத்திலிலும் தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது. தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். பிள்ளைகளின் பல்லில் வெள்ளை, கபிலத் திட்டுகள் இருந்தால் அது புளோரைட்டு கூடியதன் அடையாளமாக இருக்கலாம்; தண்ணியைப் பரிசோதிக்கத் தாமதிக்க வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால் ஆர்.ஓ. தண்ணி தேவைதான், அப்போது நானே வாங்கச் சொல்வேன். மெசினுக்குள் தண்ணியை வடிக்கும் மென்சவ்வை மாற்றும் செலவை மட்டும் முதலே கேட்டு எழுதி வாங்குங்கள்.

விற்பவர் படலைக்கே வருகிறார். தண்ணியைப் பரிசோதிக்க மட்டும் சனம் பஸ் ஏறி அலைய வேண்டியிருக்கிறது. அறிக்கை கிடைத்தாலும் அது ஆங்கிலத்தில், விளக்கிச் சொல்ல ஆளில்லை. இது எத்தனை வருடத்துக்கு? இருந்தாலும் உங்கள் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேளுங்கள், புளோரைட்டு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணியாலேயே அலசிய பிளாஸ்ரிக் போத்தலில் பிடியுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம்.