ஈ.கோலையில் உருவான இஜிஎஃப் மனிதப் புரதம்தானா?

பாளையங்கோட்டையில் உயிர்த்தொழில்நுட்பம் பயிலும் மாணவி ஒருவர், ஆய்வகத்துக்கு வந்த மனித இஜிஎஃப் (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) குப்பியில் ‘ஈ.கோலையில் தயாரித்தது, ஆய்வுக்கு மட்டும்’ என்றிருப்பதைக் கண்டு, இது மனிதப் புரதம்தானா, ஆமெனில் மருந்தாக ஏன் ஆகாது என்று கேட்டிருக்கிறார்.

ஒரு புரதத்தின் அடையாளம் அதன் அமினோ அமில வரிசையிலும் மடிப்பிலும் இருக்கிறது. மனித வரிசைக்குரிய டிஎன்ஏவைப் பிளாஸ்மிடில் (வட்ட வடிவச் சிறு டிஎன்ஏ) பொருத்திச் செலுத்தினால், ஈ.கோலை என்னும் பாக்டீரியா அதே 53 அமினோ அமிலங்களைக் கோத்துத் தரும். மடிப்புதான் கடினம்: இஜிஎஃப் செயல்பட மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் (கந்தக அணுக்களுக்கிடையிலான இணைப்புகள்) உரிய இடங்களில் அமைய வேண்டும் என்பதாலும், ஈ.கோலையின் சைட்டோபிளாசம் (செல்லின் உட்பகுதி) அதற்கு ஏற்றதன்று என்பதாலும், பிரித்தெடுத்த பின் மறுமடிப்புச் செய்வதோ பெரிபிளாசத்துக்கு (அதன் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதி) அனுப்புவதோ வழக்கம். சர்க்கரைச் சங்கிலிகள் தேவைப்படும் எரித்ரோபொயட்டின் (சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) போன்ற புரதங்களைப் பாலூட்டிச் செல்களில் தயாரிக்கிறார்கள்.

பாக்டீரியா தடையன்று, ஈ.கோலையில் உருவான மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் மருந்தாகவே அனுமதி பெற்றது. ஆய்வுக் குப்பிக்கு மருந்துக்குரிய நுண்ணுயிர் நீக்கம், எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சு) வரம்பு, மனிதச் சோதனை ஆகிய சான்றுகள் இல்லை. ஆகவே அதைத் தோலில் தடவிப் பார்ப்பதும் கூடாது.

நெல்லையின் சித்திரை வெயிலில், குப்பி வந்த பொதியை அலுவலக மேசையில் கிடக்க விடாதீர்கள். திறக்குமுன் குப்பியைச் சற்றே மையவிலக்குச் சுழற்சியில் இட்டு, கரைத்ததும் சிறு பங்குகளாக உறைய வையுங்கள்; மின்வெட்டில் உருகி மீண்டும் உறைந்த பங்கை, முக்கியமான சோதனைக்கு நான் பயன்படுத்த மாட்டேன்.