ஆறு லட்சத்துக்கு பென்ஸா, பி.எம்.டபிள்யூவா?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஜெர்மன் கார் பற்றியவை. போனஸ் வந்த மாதம் போலிருக்கிறது. மிக்ஸி, வாஷிங் மெஷின் கேட்டவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐ.டி. வேலை. கையில் ஆறு லட்சம் இருக்கிறது. 2013 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி பார்த்தேன். 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது, டாக்டர் ஓட்டிய வண்டி என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?
— மர்ஃபி டவுன்

பெங்களூரில் விற்பனைக்கு வரும் பழைய கார்களையெல்லாம் டாக்டர்களே ஓட்டியிருந்தால் நோயாளிகளை யார் பார்த்தார்கள் என்று எனக்குப் பல வருடமாகச் சந்தேகம். டாக்டரை விடுங்கள், வண்டிக்கு வருவோம்.

அதில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓடவைக்கும் சங்கிலியான டைமிங் செயின் இதில் முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கித்தான் மாற்ற வேண்டும். அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே காலி. பிந்தைய வருட வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு என்பார்கள். இல்லவே இல்லை என்று எந்த மெக்கானிக்கும் எழுதித் தர மாட்டார்.

காலையில் போங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஓட்டி வைத்துவிட்டார்கள். நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆறிய இன்ஜின் உயிர்பெறும் முதல் சில நொடிகளில், பின்பக்கமிருந்து சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டால் பேரமே வேண்டாம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2014-ல் ஒரு மாலை, தூறலில் நனைந்து பளபளத்த ஒரு கறுப்பு செடானைச் சூடான இன்ஜினோடு பார்த்துவிட்டு அன்றிரவே அட்வான்ஸ் கொடுத்தேன். ஏழாவது வாரம் சில்க் போர்டு பாலத்தில் நின்றது. ஏற்றிக்கொண்டு போக வந்த லாரிக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த வண்டியை நான் ஏற்கெனவே ஒருதடவை தூக்கியிருக்கேன்."

மீட்டரையும் நம்பாதீர்கள். திருப்புவது சுலபம். ஆனால் இந்த வண்டிகளில் சாவியிலும் வேறு சில கம்ப்யூட்டர்களிலும் பழைய எண் தங்கியிருக்கும். சரியான ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவரை அழைத்துப் போகும் செலவைப் பார்க்காதீர்கள்.

கடைசியாகப் பணம். விலை இறங்கியது வண்டிக்குத்தான். அதன் உதிரிபாகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. ஆறு லட்சம் வைத்திருப்பவர் நாலு லட்சத்து வண்டியைப் பார்க்க வேண்டும். மிச்சம் இரண்டு லட்சம் பேங்கில் இருக்க வேண்டும். நாலுக்கு நல்ல 320டி வராது. பதில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஸ்கோடா ஜெர்மன் காரா?
— ஜெயநகர்

இல்லை, செக் நாட்டு வண்டி. ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டது. சீதனமாக இன்ஜினும் கியர்பாக்ஸும் வந்தன, கூடவே செலவும்.

டெல்லியில் 2012 ஆடி ஏ4 டீசல், இங்கே இருப்பதைவிட ஒன்றரை லட்சம் குறைவு. போட்டோ பார்த்து ஐம்பதாயிரம் டோக்கன் அனுப்பிவிட்டேன். இனி என்ன கவனிக்க வேண்டும்?
— எலெக்ட்ரானிக் சிட்டி

அனுப்புவதற்கு முன் கவனித்திருக்க வேண்டும். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஊரில், காரைப் போட்டோவில் பார்த்து வாங்குகிறீர்கள்.

அங்கே ஏன் மலிவு? 10 ஆண்டு தாண்டிய டீசலும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடையில் தளர்வுகள் வந்தாலும் அந்தப் பயம் போகவில்லை, அதனால் விற்றுத் தள்ளுகிறார்கள். அந்த வண்டி இங்கே வந்தால் கர்நாடக ஆயுள் வரி கட்டியாக வேண்டும். வண்டியின் அன்றைய புது விலையையும் இன்றைய வயதையும் வைத்துக் கணக்கிடுவார்கள். நீங்கள் கொடுத்த விலையை அல்ல. வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டவும் முடியாது. வரி, லாரி வாடகை, ஆர்.டி.ஓ. அலைச்சல் எல்லாம் சேர்த்தால் அந்த ஒன்றரை லட்சம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். ஆர்.சி.யும் 2027-ல் முடிகிறது, அப்புறம் தகுதிச் சான்றான எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கையில் வராமல் இன்னொரு ரூபாய் அனுப்பாதீர்கள். டோக்கன் திரும்பி வந்தால் சந்தோஷம். வராவிட்டால் ஐம்பதாயிரத்தோடு தப்பித்தீர்கள்.

மனைவிக்கு ஆட்டோமேட்டிக் வேண்டுமாம். 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கிடைக்கிறது. தினமும் டின் ஃபேக்டரி வழியாக மாரத்தஹள்ளி.
— ராமமூர்த்தி நகர்

நல்ல வண்டி, தப்பான ரோடு. டி.எஸ்.ஜி. என்ற அதன் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் இருப்பவை ஆயிலில் ஊறாத உலர் கிளட்சுகள். டின் ஃபேக்டரியில் அடி அடியாக நகரும்போது அவை வழுக்கிச் சூடாகித் தேயும். கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் பெட்டியும் இந்த வகையில் பெயர் கெட்டது. அது போனால் வரும் எஸ்டிமேட்டை மனைவியிடம் காட்ட முடியாது. அதே கம்பெனியின் பழைய வென்டோ 1.6 பெட்ரோலில், ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் உண்டு. பெட்ரோல் குடிக்கும், ஆனால் நெரிசலைத் தாங்கும். அவருக்கு மேனுவல் சம்மதம் என்றால் போலோ மேனுவலே போதும். 2022-ல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் ஜே.சி. ரோட்டில் சாமான் கிடைக்கிறது.

2012 பி.எம்.டபிள்யூ 520டி, 1,05,000 கி.மீ. கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்கள் ஷோரூமில். வில்சன் கார்டன் மெக்கானிக் உடனே மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
— கே.ஆர். புரம்

மெக்கானிக்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் 'ஆயுட்கால ஆயில்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாருடைய ஆயுள்? உங்களுடையதா, வண்டியுடையதா, முதல் ஓனர் வண்டியை வைத்திருக்கும் மூன்று நாலு வருடமா? புது வண்டி விற்பவருக்கு சர்வீஸ் செலவு குறைவு என்று காட்ட வேண்டும். மாற்ற வேண்டிய ஆயில் ஒன்று குறைந்தால் கணக்கு அழகாகிறது. மூன்றாவது ஓனரான நீங்கள் அவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை.

உங்கள் கியர்பாக்ஸைச் செய்தது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம். அந்த நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்தில், ஆயில் மாற்றச் சொல்கிறது. சமைத்தவர் ஊசிப்போகும் என்கிறார், பரிமாறுபவர் ஊசாது என்கிறார். நீங்கள் யாரை நம்புவீர்கள்?

இந்த ஆயிலை மாற்றும்போது ஒருமுறை கூடவே நின்று பார்த்தேன். கியர்பாக்ஸின் அடித்தட்டை இறக்கியபோது வந்த ஆயில் டிகாக்‌ஷன் நிறம். தட்டின் உள்ளே சின்னச் சின்னக் காந்தங்கள் இருக்கும். அவற்றின்மேல் கண்மை போலக் கறுப்புக் குழைவு. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழவென்று இருந்தது, மணல்போல் உறுத்தவில்லை. உறுத்தாதவரை நல்லது, வெறும் தேய்மானம் என்றார் மெக்கானிக். துணுக்கு துணுக்காக உலோகம் இருந்தால்தான் பயப்பட வேண்டுமாம்.

வேலையைக் கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள். அந்தத் தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே இருப்பதால் தட்டோடுதான் மாற்ற வேண்டும்; அப்படி மாற்றுவாரா? இசட்.எஃப். ஒப்புதல் உள்ள ஆயில்தானா? அளவைக் கடைசியாகச் சரிபார்க்கும்போது இன்ஜின் ஓட, ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே பார்ப்பாரா? மூன்றாவதற்கு முழித்தால் வேறு இடம் பாருங்கள். 'எல்லாம் ஆயில்தானே' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். பச்சை ஆயில் கேட்கும் பவர் ஸ்டீயரிங்கில் மலிவான சிவப்பு ஆயிலை வாங்கி ஊற்றி, சீல் எல்லாம் ஊறிப்போய் ஒழுகவிட்டவன் நான். மிச்சம் பிடித்தது முந்நூறு ரூபாய்.

டயரில் 2715 என்று இருக்கிறது. பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது. ஓட்டலாமா?
— ஸ்ரீராமபுரம்

2015-ம் வருடம், 27-வது வாரம். மாற்றுங்கள்.

ஆம்பூரில் சாப்பிட்டுவிட்டு வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி டெம்பரேச்சர் சிவப்பு லைட் எரிந்தது. ஓசூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். இன்ஜின் ஹெட் வளைந்துவிட்டது. மூன்று மாதம் முன் சர்வீஸ் செய்த மெக்கானிக் மேல் வழக்குப் போடலாமா?
— பானஸ்வாடி

போடலாம். சிவப்பு லைட்டோடு ஐம்பது கி.மீ. ஓட்டியது யார் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் தயார் செய்துகொள்ளுங்கள். பழைய ஜெர்மன் வண்டிகளில் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உறையும் கூலன்ட் டேங்க்கும் பிளாஸ்டிக். பத்து வருடச் சூட்டில் அப்பளமாகிவிடும். உடைவதற்கு முன் மாற்ற வேண்டும், உடைந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மெக்கானிக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் ஓய்வுபெற்றவன். பிஎஃப் பணத்தில் மகனுக்காக 7.25 லட்சத்துக்கு ஒரு டீலரிடம் 2014 பென்ஸ் வாங்கினேன். எட்டு மாதத்தில் மூன்றுமுறை நின்றது. மெக்கானிக் டிரைவர் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துக் காட்டினார்: அடியில் சேறு. 2022 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாம். 'உள்ளபடியே வாங்கிக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டீர்களே என்கிறார் டீலர். தப்பு என்னுடையதா?
— தூரவாணி நகர்

இல்லை ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் பங்களா வாசல்களில் சொகுசுக் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததை ஊரே பார்த்தது. அப்படி மூழ்கும் வண்டிகள் இன்ஷூரன்ஸில் 'டோட்டல் லாஸ்', அதாவது பழுதுபார்க்கக் கட்டுபடியாகாது என்று கழிக்கப்பட்டு, ஏலத்தில் போய், கழுவித் துடைத்து வாசனை அடித்துத் திரும்பவும் சந்தைக்கு வருவது உண்டு. பல ஜெர்மன் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் காலடிக் கார்ப்பெட்டுக்குக் கீழேதான். தண்ணீர் வற்றினாலும் அவற்றின் ஒயர் இணைப்புப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் மாதத்துக்கு ஒரு புது நோய்.

'உள்ளபடியே' என்பது உள்ளதைச் சொன்னவருக்குத்தான் பொருந்தும். தெரிந்தே மறைத்தவர் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் போட்டோவோடு எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். பழைய பாலிசி எண் கிடைத்தால் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் க்ளைம் விவரத்தை எழுதிக் கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். இவரிடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்புறம் பதிவுத் தபாலில் நோட்டீஸ்: பணத்தைத் திருப்பித் தா, பதினைந்து நாள் கெடு.

அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. வழி புரியாவிட்டால் 1915-க்குப் போன் செய்யுங்கள். மகனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், தேதி தேதியாக அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று. வழக்கு முடியும்வரை அந்த வண்டியை வாட்டர் வாஷுக்கு விடாதீர்கள். சேறு அந்த பெல்ட்டிலேயே இருக்கட்டும்.