இரண்டு முறை கேஸ் நிரப்பியும் கார் ஏசி பாதியில் நின்றுவிடுகிறது. மின்கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளம்பும்போது நன்றாகக் குளிர்கிறது, அரை மணி நேரத்தில் வெறும் காற்று வருகிறது, வண்டியைக் கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் மறுபடியும் குளிர்கிறது, இப்போது கம்ப்ரசரையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள். கேஸ் குறைந்திருந்தால் கிளம்பும்போதே குளிர்ச்சி மந்தமாக இருக்கும். குறைந்த கேஸ் வண்டி ஆறியதும் கூடிவிடப் போவதில்லை. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் என் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மேல்தான்.

அடுத்த முறை குளிர்ச்சி நின்றதும் வண்டியை ஓரங்கட்டுங்கள். இன்ஜினையும் ஏசியையும் அணைக்காமல் பானெட்டைத் திறந்து கம்ப்ரசரின் முன்பக்கத்தைப் பாருங்கள். கை, சட்டை நுனி, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டும் (காந்தத்தால் புல்லியோடு ஒட்டிக் கம்ப்ரசரை ஓட வைப்பது) சேர்ந்து சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. சுற்றியும் குளிரவில்லை என்றால் கேஸ், எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் போகலாம். தட்டு சும்மா நிற்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள். (உள்ளே வரும் காற்றின் வேகமே குறைந்துபோயிருந்தால் கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கலாம். அங்குள்ள வெப்ப சென்சாரைப் பார்க்க வேண்டும்.)

தட்டு நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இடைவெளி. தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே பல கம்ப்ரசர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தேயத் தேய அது அகலும். தட்டை இழுக்கும் கிளட்சின் மின்காந்தக் காயிலோ செம்புக் கம்பி. 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் மின்தடை கிட்டத்தட்ட கால் பங்கு ஏறிவிடும். மின்னோட்டம் குறையும், காந்தம் பலம் இழக்கும், அகன்றுபோன இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடியாது. ஆறியதும் இழுக்கும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதேதான். இன்ஜினை அணைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளியில் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்துவிடலாம். பெரும்பாலான கிளட்ச்களில் நடு போல்ட்டைக் கழற்றி, தட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்தாலே இடைவெளி சரியாகிவிடும்.

இடைவெளி சரியாக இருந்தால் வோல்டேஜ். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள், ஆரம்பத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தால் முழு வோல்டேஜ் காட்டும். "கரண்ட் வருது, அப்போ கம்ப்ரசர்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. காயில் 3, 4 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த இணைப்பின் சாயம் அந்தச் சுமை வரும்போதுதான் வெளுக்கும். அதனால் கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும்.

இதே தொல்லையோடு ஒரு வண்டி என்னிடம் வந்தது. வேறு இடத்தில் புதுக் கம்ப்ரசர் மாட்டியும் பழைய கதைதான். இன்ஜின் ஓடும்போது கனெக்டரைக் கழற்றினால் 13.9 வோல்ட். மாட்டி, காயிலின் இரு வயர்களுக்கும் நடுவே அளந்தால் வெறும் 9.1. மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து ஒவ்வொரு வயராகத் தொட்டேன். பாசிட்டிவ் வயரில் 13.6, குறை சொல்ல ஒன்றுமில்லை. எர்த் வயரில் 4.5 வோல்ட் நின்றது. அங்கே பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 0.2 தாண்டினாலே எனக்கு உறுத்தும். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் பேட்டரி தட்டுக்கு அடியில் ஒரு எர்த் போல்ட். வயரின் வளையம் பச்சை பூத்து, அடியில் பெயின்ட் உப்பிக்கொண்டிருந்தது. இரும்பு பளிச்சிடும் வரை சுரண்டி, வளையத்தை மாற்றி, இறுக்கி முடுக்கினேன். எர்த் பக்கம் 0.1 வோல்ட்டுக்குக் கீழே வந்தது. ஏசி அதன்பிறகு நிற்கவில்லை. தேவையே இல்லாமல் ஒரு நல்ல கம்ப்ரசர் கழற்றி எறியப்பட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை.

காயிலுக்கு வோல்டேஜே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே (காயிலுக்கு மின்சாரத்தை விடும் சிறு மின்சுவிட்ச்). அதே நம்பருள்ள வேறு ரிலேயை மாற்றிச் சொருகிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதுவும் சரியென்றால் பிரஷர் சுவிட்ச். கேஸ் மிகக் குறைந்தாலும் அழுத்தம் எகிறினாலும் அது கம்ப்ரசரை நிறுத்தும். அது அதன் கடமை. ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நிற்கும்போது மட்டும் போகிறதா? அப்படியானால் கேஸை ஆற வைக்கும் கண்டென்சரின் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள், அது நின்றால் அழுத்தம் எகிறும். சுவிட்சைக் குறை சொல்வதில் பயனில்லை. இரண்டு வயர் சுவிட்சைத் துண்டு வயரால் இணைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள். கம்ப்ரசருக்கு எண்ணெயைக் கொண்டுவருவதே கேஸ்தான், அது இல்லாமல் ஓடினால் உள்ளே உரசிப் போய்விடும். மூன்று வயர் இருந்தால் அது சென்சார். அதை ஒருபோதும் இப்படி இணைக்கக் கூடாது.

 

இன்னொன்று, சில புது வண்டிகளில் கிளட்சே கிடையாது, உள்ளே கன்ட்ரோல் வால்வுதான். அதற்கு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஹைபிரிட், மின்சார வண்டி என்றால் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடவே வேண்டாம்.

அடுத்த முறை நின்றதும் தட்டு சுற்றுகிறதா, கனெக்டர் மாட்டிய நிலையில் இரண்டு வயரிலும் எத்தனை வோல்ட் என்று பார்த்து எழுதுங்கள். அங்கிருந்து மேற்கொண்டு சொல்கிறேன்.