‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ ஏன் கரகரக்கிறது? (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

குவீன் ராக் குழுவின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ எல்பி (பெரிய இசைத்தட்டு), 1981 இங்கிலாந்துப் பதிப்பு, பழைய தட்டுக் கடையில் கிடைத்தது. ‘பொஹீமியன் ராப்ஸடி’ அற்புதமாகக் கேட்கிறது. ஆனால் இரண்டாம் பக்கக் கடைசியில் ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ வரும்போது ச, ஷ ஒலிகள் கரகரக்கின்றன. மொத்தத் தட்டுமே மற்ற எல்பிகளைவிடச் சன்னமாக ஒலிக்கிறது. தேய்ந்துபோன தட்டா? ‘அண்டர் பிரஷர்’ ஏன் இதில் இல்லை? வேறு பதிப்பு வாங்கலாமா?

— வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

தேய்மானம் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் இந்தத் தொகுப்பின் நீளத்தைக் கணக்கில் எடுங்கள். 17 பாட்டு, சுமார் 58 நிமிடம்; பக்கத்துக்கு 29. எல்பிக்கு 18 முதல் 22 நிமிடம்தான் சௌகரியம். சத்தம் கூடினால் ஊசி ஓடும் தடம் பக்கவாட்டில் அதிகம் அலையும், இடமும் அதிகம் கேட்கும். 29 நிமிடத்தை அடைக்க வேண்டுமென்றால் சத்தத்தைக் குறைத்துத் தடங்களை நெருக்கித்தான் வெட்டியாக வேண்டும். சன்னமாக ஒலிப்பது அதனால். வால்யூமைக் கூட்டினால் தூசியின் படபடப்பும் கூடவே வரும். ஆகவே தட்டை முதலில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கரகரப்பு வேறு விஷயம். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் ஊசிக்கடியில் தடம் ஓடும் வேகம் ஒன்றல்ல: வெளி விளிம்பில் நொடிக்கு 51 செ.மீ., உள்ளே லேபிள் அருகே 21 செ.மீ. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 0.05 மி.மீ. நீளம், உள்ளே 0.02 மி.மீ.தான். உருண்டை முனை ஊசியின் ஆரமே ஏறத்தாழ 0.018 மி.மீ. அந்த முனை அவ்வளவு குறுகிய வளைவுக்குள் நுழையாது, மேலே உரசிக்கொண்டு போகும். ச, ஷ சிதைவது அங்கேதான்.

இதைச் சோதிக்க நல்ல வழி இருக்கிறது. 1977-இல் வந்த ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ எல்பியில் ‘வீ வில் ராக் யூ’வும் ‘சாம்பியன்ஸ்’உம் முதல் பக்கத்தின் முதல் இரண்டு பாட்டுகள், அதாவது வெளி விளிம்பில். அதில் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல் தெளிவாக இருந்து, தொகுப்பில் மட்டும் கரகரத்தால், சிக்கல் உள்தடத்தில்தான். கச்சேரியை இந்த இரண்டோடு முடிப்பது அவர்கள் வழக்கம். தொகுப்பும் அப்படியே முடிகிறது. கேட்பதற்கு அந்த வரிசைதான் சரி என்பேன், தட்டுக்குத்தான் அது பாதகம்.

செய்ய வேண்டியவை: உருண்டை முனை இருந்தால் நீள்வட்ட முனைக்கு மாறுங்கள், அதைவிட மெல்லிய மைக்ரோலைன் முனை என்றால் இன்னும் நல்லது. கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டி) கோணத்தை, கோடு போட்ட அளவுத் தகடு வைத்துச் சரிசெய்யுங்கள். பேர்வால்ட் என்ற கணக்கீட்டு முறையில் தட்டின் மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் தகட்டின் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஊசி தட்டை அழுத்தும் எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, எடை போதாத ஊசி துள்ளித் தடத்தின் சுவரை அடிக்கும். ஆடியோ டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 2 கிராம். இவ்வளவும் செய்த பிறகும் கரகரப்பு அப்படியே இருந்தால், முன்பு வைத்திருந்தவர் மோசமான ஊசியில் ஓட்டித் தடத்தைக் கெடுத்திருக்கிறார். அதற்கு மருந்தில்லை.

‘அண்டர் பிரஷர்’, பாடகர் டேவிட் போவியோடு பாடியது, தொகுப்பு வெளிவந்த அதே சமயத்தில் 1981 அக்டோபரில் சிங்கிளாக (தனிப்பாட்டுத் தட்டாக) வந்தது. இங்கிலாந்துப் பதிப்பில் சேரவில்லை. 1991-இல் வந்த இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட 14 பாட்டு அமெரிக்கப் பதிப்பில் அது உண்டு. இரண்டாம் பக்கம் ‘வீ வில் ராக் யூ’வில் தொடங்குவதால் உங்கள் சிக்கலும் அதில் இல்லை. ஆனால் ‘டோன்ட் ஸ்டாப் மீ நவ்’, ‘சேவ் மீ’ இரண்டும் கிடையாது. அந்த இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தட்டிலேயே கேட்க வேண்டுமென்றால் 2016-இல் வந்த இரட்டை எல்பியை வாங்குங்கள். லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் மைல்ஸ் ஷோவல், தட்டைப் பாதி வேகத்தில் சுற்றவிட்டுத் தடம் வெட்டியது. அதே 17 பாட்டு நான்கு பக்கங்களில் விரிந்திருப்பதால் பக்கத்துக்குச் சராசரி 15 நிமிடம்கூட வராது. பழைய தட்டு வாங்குவதானால் பின்னட்டையைப் பாருங்கள்: பட்டியல் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’டில் தொடங்கினால் அமெரிக்கப் பதிப்பு, ‘பொஹீமியன் ராப்ஸடி’யில் தொடங்கினால் உங்களிடம் இருப்பதே.