பெரிய வங்கியின் டிரேடிங் டெஸ்க்: சேல்ஸா, டிரேடிங்கா?

கேள்வி: நான்காண்டுக் கணினிப் பொறியியல் படிப்பில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். இரண்டு வருடமாக மொபைல் ஆப்பில் பங்கு வாங்கி விற்கிறேன், ஓரளவு லாபமும் பார்த்திருக்கிறேன். பெரிய சர்வதேச வங்கியில் சேல்ஸ் அண்ட் டிரேடிங் பிரிவில் சேர ஆசை. இரண்டில் எது எனக்குச் சரிவரும்? எம்பிஏ முடித்தால்தான் எடுப்பார்களா?

பதில்: அந்த லாபத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். வங்கி கையில் பணத்தைக் கொடுத்து, சந்தை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டச் சொல்லும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் இந்த வேலைக்கு வருகிறார்கள். அமெரிக்கா 2010இல் கொண்டுவந்த டாட்-ஃபிராங்க் சட்டத்தில் வோல்க்கர் விதி என்று ஒன்று உண்டு. வங்கிகள் தங்கள் சொந்தக் கணக்கில் அப்படி விளையாடுவதை அது பெருமளவு நிறுத்திவிட்டது. இன்று டெஸ்க்கில், அதாவது டிரேடர்களும் சேல்ஸ் ஆட்களும் உட்காரும் பிரிவில், நடப்பது முக்கியமாக, கேட்கிற வாடிக்கையாளருக்கு விலை சொல்லும் வேலை.

அது எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். ஓர் ஓய்வூதிய நிதி, 5 கோடி டாலர் முகமதிப்புள்ள பத்தாண்டு நிறுவனக் கடன் பத்திரத்துக்கு விலை கேட்கிறது. வாங்கவா, விற்கவா என்று சொல்லாது. போனை எடுத்த சேல்ஸ் ஆள் டிரேடரிடம் கேட்கிறார். டிரேடர் “99.40, 99.46” என்கிறார். 100 டாலர் முகமதிப்புக்கு முன்னது வங்கி வாங்கும் விலை, பின்னது விற்கும் விலை. வாடிக்கையாளர் 99.40க்கு விற்றுவிடுகிறார். நடுவிலை 99.43 என்று பார்த்தால் வங்கிக்கு 15,000 டாலர் லாபம், ஆனால் காகிதத்தில்தான். சந்தை வட்டி வெறும் 0.01 சதவீதம் ஏறினால் இந்த மாதிரிப் பத்திரத்தின் விலை 100 டாலருக்குச் சுமார் 8 சென்ட் இறங்கும். 5 கோடிக்கு அது 40,000 டாலர் நஷ்டம். அதனால் டிரேடர் அந்த நிமிடமே அரசுப் பத்திர ஃபியூச்சர்ஸை (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களை) விற்று வட்டி ரிஸ்க்கை ஹெட்ஜ் செய்துவிடுவார், அதாவது ஒன்றில் வரும் நஷ்டத்தை இன்னொன்றின் லாபம் ஈடுகட்டும்படி பார்த்துக்கொள்வார். பத்திரம் வெளியிட்ட நிறுவனத்தின் கடன் ரிஸ்க் (அது பணத்தைத் திருப்பித் தராமல் போகும் ஆபத்து) மட்டும் புக்கில், அதாவது டிரேடரின் கையிருப்புக் கணக்கில், தங்கும். அதை அவ்வளவு எளிதாக ஹெட்ஜ் செய்ய முடியாது. வேறொருவர் வாங்கும்வரை சுமந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வேறொருவரைத் தேடிப் பிடிப்பது சேல்ஸின் வேலை. “போன மாதம் ஒரு காப்பீட்டு நிறுவனம் இதே பத்திரத்தைக் கேட்டதே” என்ற ஞாபகம்தான் அங்கே மூலதனம். சேல்ஸ் என்றதும் பை தூக்கிக்கொண்டு அலையும் வேலை என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். வாடிக்கையாளருக்கு நல்ல விலை வேண்டும், டிரேடருக்கு லாபம் வேண்டும். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு இருவரையும் தக்கவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்றால், எந்த வகைத் தப்பை உங்களால் தாங்க முடியும் என்று யோசியுங்கள். டிரேடரின் தப்பு அன்று மாலையே ஓர் எண்ணாகத் திரையில் நிற்கும். சேல்ஸின் தப்பு தெரியவே மாதக்கணக்காகலாம்: ஒரு வாடிக்கையாளர் சத்தமில்லாமல் வேறு வங்கிக்குப் போயிருப்பார். அந்நியச் செலாவணி டெஸ்க்கில் வாடிக்கையாளர் “மைன்” என்றால் அவர் வாங்கிவிட்டார், “யுவர்ஸ்” என்றால் நம் தலையில் விற்றுவிட்டார் என்று அர்த்தம். நான் சேல்ஸில் சேர்ந்த புதிதில் ஒரு கோடி யூரோ “மைன்” ஒன்றை “யுவர்ஸ்” என்று டிரேடரிடம் சொல்லித் தொலைத்தேன். யூரோ கையில் வந்துவிட்டது என்று நம்பி அவர் இன்னொரு கோடியை விற்றார். ஒரு கோடி யூரோ குறையாக இருந்த புக் இரண்டு கோடி குறையாகிவிட்டது. அதைச் சரிசெய்த பத்து நிமிடத்தில், எனக்கு எந்த வேலை ஒத்துவராது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

எம்பிஏ தேவையில்லை. பட்டப்படிப்பு முடித்தவர்களை அனலிஸ்ட்டாகவும் எம்பிஏ முடித்தவர்களை அதற்கு அடுத்த படியான அசோசியேட்டாகவும் எடுப்பார்கள், அவ்வளவுதான். உண்மையான வாசல், கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடையில் நடக்கும் சுமார் பத்து வார இன்டர்ன்ஷிப். நிரந்தர இடங்களில் பெரும்பகுதி அதில் நன்றாகச் செய்தவர்களுக்கே போகும். பல வங்கிகள் ஏறக்குறைய ஓர் ஆண்டு முன்பே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். நீங்கள் இருக்கும் ஆண்டு அதற்கானதுதான், தள்ளிப்போடாதீர்கள். சிஎஃப்ஏ என்ற நிதி ஆய்வாளர் சான்றிதழ் இருந்தால் நல்லது, ஆனால் அது நிதி மேலாண்மைக்கும் ஆய்வுக்கும்தான் அதிகம் உதவும். உங்களுக்குப் பைத்தானும் நிகழ்தகவும் அதைவிடப் பயன்படும். பங்கு, செலாவணி டெஸ்க்குகளில் கணிசமான விலைகளை இப்போது நிரல்களே சொல்கின்றன.

நேர்காணலில் பகடை விளையாட்டு வரலாம். இரண்டு பகடையின் கூட்டுத்தொகையை ஒரு பொருள் மாதிரி வைத்து, வாங்க ஒரு விலையும் விற்க ஒரு விலையும் சொல்லச் சொல்வார்கள். சராசரி 7, எனவே “6.5க்கு வாங்குகிறேன், 7.5க்கு விற்கிறேன்” என்கிறீர்கள். எதிரில் இருப்பவர் 7.5க்கு வாங்கிவிட்டு மறுபடி விலை கேட்கிறார். பலர் அதே விலையைத் திருப்பிச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். அவர் ஏன் வாங்கினார்? ஒரு பகடையைப் பார்த்திருக்கலாம். அது 6 என்றால் சராசரி 9.5. ஒருவர் வாங்குகிறார் என்பதே ஒரு தகவல், விலையை ஏற்றத்தான் வேண்டும்.

அப்புறம் “ஒரு டிரேட் சொல்லுங்கள்” என்பார்கள். ஆப்பில் சம்பாதித்ததைச் சொல்லாதீர்கள், இழந்ததைச் சொல்லுங்கள்: ஏன் எடுத்தீர்கள், தப்பு என்று எந்த இடத்தில் ஒத்துக்கொண்டீர்கள். “ஸ்டாப் லாஸ் (விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் உத்தரவு) போட்டிருந்தேன்” என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் 2011 முதல் தாங்கிப் பிடித்த சுவிஸ் மத்திய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பில்லாமல் கையை எடுத்தது. சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே போனது. நடுவில் வாங்க ஆளே இல்லாததால் பலரின் ஸ்டாப் லாஸ் அவர்கள் குறித்த விலையில் நடக்கவே இல்லை. அந்த நாளைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக உங்கள் ஆப். வேலையில் சேர்ந்தால் சொந்தக் கணக்கு முழுவதையும் வங்கியிடம் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வாங்கலுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும், வாங்கியதைக் குறிப்பிட்ட காலம் விற்கவும் விட மாட்டார்கள். குறுகிய கால ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) வைத்திருந்தால் சேரும் தேதிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.